"எவ்வளவு தூரம் ஓட்டுனீங்க?" - பஞ்சர் கடையில் பொய் சொல்லக் கூடாத ஒரே கேள்வி!

உளுந்தூர்ப்பேட்டை தாண்டி, திருச்சி நெடுஞ்சாலையில் வேப்பூருக்குச் சற்று முன்பாக அந்த கார் லேசாக இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. உள்ளே கணவன், மனைவி, கணவரின் அம்மா, ஒன்றரை வயதுக் குழந்தை. சமயபுரத்தில் குழந்தைக்கு முதல் மொட்டை. பதினோரு மணிக்குள் வந்துவிடுவதாகத் தாய்மாமனிடம் சொல்லியாகிவிட்டது.

"ஏங்க, வண்டி ஒரு மாதிரி போகுதே?"

"ரோடு சரியில்ல."

"ரோடு நல்லாத்தானே இருக்கு..."

இன்னும் ஒரு கிலோமீட்டர் போன பிறகு 'டப் டப்' என்று சத்தம் வந்தது. அப்போதும் அவர் நிறுத்தவில்லை. நிழல் இல்லாத ரோடு, பின் சீட்டில் வயதான அம்மா, தூங்கும் குழந்தை. கொஞ்சம் தூரத்தில் ஒரு புளியமரமும், அதன் அடியில் பழைய டயரில் சுண்ணாம்பால் எழுதிய 'பஞ்சர்' போர்டும் தெரிந்தன. அதுவரை ஓட்டிவிட்டார்.

கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். டயரைச் சுற்றிப் பார்த்தார். நட்ட நடுவில், ட்ரெட்டில், ஓர் ஆணி. பார்த்ததுமே கணவருக்கு நிம்மதி. பஞ்சரிலேயே சுலபமான பஞ்சர் இதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு ஸ்ட்ரிப், ஐந்து நிமிடம், நூறோ நூற்றைம்பதோ ரூபாய்.

கடைக்காரர் ஆணியைத் தொடாமல் கேட்டார். "காத்து இறங்கின பிறகு எவ்ளோ தூரம் ஓட்டுனீங்க தம்பி?"

"கிட்டதான் அண்ணே. ஒரு அரை கிலோமீட்டர்."

பின்னால் நின்ற மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால், முகத்தில் எல்லாம் இருந்தது. அதைக் கடைக்காரரும் பார்த்துவிட்டார். "எதுக்கும் கழட்டிப் பார்த்துடலாம்" என்று ஜாக்கியை எடுத்தார்.

டயரை ரிம்மிலிருந்து பிரித்து உள்ளே கைவிட்டுத் துழாவி, வெளியே எடுத்துக் காட்டினார். உள்ளங்கை முழுக்க கறுப்புத் தூள். மிளகுத்தூள் மாதிரி, தொட்டால் நரநரவென்று. "இது ஒட்டினா நிக்கும். ஆனா டயர் நிக்காது தம்பி. மாத்திடுங்க."

பெரும்பாலான கார் ஓட்டுநர்களின் மனதில் அந்த நொடியில் ஓடுவதுதான் அவர் மனதிலும் ஓடியது. 'ஆணி நடுவுல ஏறியிருக்கு. ஒட்டினா முடிஞ்சிது. வெளியூர்க்காரன்னு தெரிஞ்சதும் புது டயரைத் தலையில கட்டப் பார்க்கிறான்.'

கடையைச் சுற்றிப் பார்த்தார். அங்கே விற்பதற்குப் புது டயர் ஒன்றுகூட இல்லை.

அந்தக் கறுப்புத் தூள் என்ன?

டயர்தான் காரைத் தாங்குகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் தாங்குவது உள்ளே இருக்கும் காற்று. டயர் அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் பை, அவ்வளவுதான். உங்கள் காரின் டயரில் '185/65 R15 88H' என்பதுபோல் ஓர் எண் வரிசை இருக்கும். அதில் 88 என்றால், அந்த ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும் என்று பொருள். சரியான அளவு காற்று உள்ளே இருந்தால்தான் அந்தக் கணக்கு செல்லும்.

சென்னை திருவொற்றியூரில் 1946-ல் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய சின்னத் தொழில்தான் பின்னாளில் எம்.ஆர்.எஃப் ஆனது. பலூனும் டயரும் ரப்பர்தான், இரண்டிலும் காற்றுதான். ஆனால், பலூனில் ஆணி பட்டால் 'பட்'டென்று போய்விடும். டயரில் பட்டால் ஆணி அப்படியே குத்திக்கொண்டு நிற்கும். காரணம், டயரின் ரப்பருக்குள் மறைந்திருக்கும் எலும்புக்கூடு. சாலையைத் தொடும் ட்ரெட் பகுதிக்கு அடியில் எஃகுக் கம்பிகளால் ஆன பட்டைகள் இருக்கின்றன. இந்தப் பக்கத்து ரிம் விளிம்பிலிருந்து அந்தப் பக்கத்து ரிம் விளிம்பு வரை பாலியெஸ்டர் இழைகள் ஓடுகின்றன. எல்லாவற்றுக்கும் உள்ளே, காற்று கசியாமல் இருக்க ஒரு மெல்லிய ரப்பர் படலம். டியூப்லெஸ் டயரில் டியூபின் வேலையைச் செய்வது அந்தப் படலம்தான்.

பக்கவாட்டுச் சுவரில், அதாவது சைடுவாலில், எஃகுப் பட்டை கிடையாது. அங்கே இருப்பது வெறும் இழைகளும் ரப்பரும். வண்டி குலுங்காமல் போவதற்காக அது வளைந்து கொடுக்க வேண்டும். அதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள்.

காற்று இறங்கிவிட்டால் என்ன ஆகும்? அந்தச் சுவர் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை மடங்கி எழும். சின்ன காரின் டயர் ஒரு கிலோமீட்டருக்கு 500 முறைக்கு மேல் சுற்றுகிறது. மூன்று கிலோமீட்டர் என்றால் 1,500 மடிப்பு. ஒரு கம்பியை ஒரே இடத்தில் இருபது தடவை மடக்கி நிமிர்த்தினால் சூடாகி ஒடிகிறதல்லவா? அதேதான். ரப்பர் சூடாகிறது, உட்படலம் உராய்ந்து உதிர்கிறது, இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. உதிர்ந்த அந்த ரப்பர்தான் கறுப்புத் தூள்.

வெளியிலிருந்து பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, ஆபத்தே அதுதான். ஆணி ஓட்டையை அடைத்துக் காற்று பிடித்துவிட்டால் டயர் புத்தம் புதிது மாதிரி நிமிர்ந்து நிற்கும். அப்படியே இரண்டு வாரம் ஓடலாம், இரண்டு மாதமும் ஓடலாம். ஒருநாள் வெயிலில், முழு லோடில், நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அந்தச் சுவர் கிழியும். அப்போது யாரும் அந்தப் பழைய ஆணியை நினைத்துப் பார்க்க மாட்டார்கள். 'வெயிலுக்கு டயர் வெடிச்சிடுச்சு' என்றுதான் பேச்சு இருக்கும்.

அதனால்தான் கடைக்காரர் கேட்ட கேள்வி, ஆணி எங்கே ஏறியது என்பதைவிட முக்கியமானது. அதற்கான பதில் ஓட்டியவருக்கு மட்டுமே தெரியும். டாக்டரிடம் 'சுகருக்கு மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடுறேன்' என்று சொல்வதுபோல, நாம் இங்கேயும் குறைத்துத்தான் சொல்கிறோம். பஞ்சர் கடைக்காரரை ஏமாற்றி என்ன லாபம்? அவர் நம் காரில் வரப்போவதில்லை.

எந்தப் பஞ்சரை ஒட்டலாம்?

காற்று முழுதாக இறங்குவதற்குள் கவனித்து நிறுத்திவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது பார்க்க வேண்டியவை இரண்டு: இடம், அளவு.

டயரின் ட்ரெட்டில் சுற்றிலும் நீளவாக்கில் ஓடும் பள்ளங்கள் இருக்கும். வலது ஓரத்துப் பள்ளத்துக்கும் இடது ஓரத்துப் பள்ளத்துக்கும் நடுவில் இருக்கும் பகுதிதான் ஒட்டுவதற்கு ஏற்ற இடம். அதற்கு வெளியே, டயர் வளைந்து இறங்கும் தோள்பட்டைப் பகுதியிலோ சைடுவாலிலோ ஓட்டை விழுந்தால் ஒட்டக் கூடாது. அந்த இடம் ஓயாமல் வளைந்துகொண்டே இருப்பதால், எந்த ஒட்டும் அங்கே தங்காது. தவிர, அறுந்த இழையை எந்தப் பசையாலும் மறுபடி நெய்ய முடியாது.

அளவு? 6 மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஒட்டலாம் என்பது உலகம் முழுக்க டயர் துறையில் சொல்லப்படும் கணக்கு. பென்சில் கனத்தைவிடச் சற்றுக் குறைவு. நம் ஊர்ச் சாலைகளில் மாட்டும் ஆணி, ஸ்க்ரூ பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். லாரியிலிருந்து விழுந்த போல்ட், கம்பித் துண்டு, உடைந்த பாட்டில் ஏற்படுத்தும் கிழிசல் ஆகியவை அடங்காது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஆணி எப்போதும் நேராகவே இறங்குவதில்லை. வெளியே நடுவில் நுழைந்து, சாய்வாகப் போய், உள்ளே தோள்பட்டைப் பக்கம் தலைகாட்டும் ஆணிகளும் உண்டு. டயரைக் கழற்றி உட்புறத்தைப் பார்த்தால் மட்டுமே அது தெரியும்.

ஏற்கெனவே ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே, ஓர் ஒட்டின் மேல் இன்னொன்று ஏறும்படி மறுபடி பஞ்சர் ஆனாலும் அந்த டயருக்கு விடைகொடுக்க வேண்டியதுதான். சைடுவாலில் கொப்பளம்போல் வீங்கியிருந்தால் கேள்வியே இல்லை. உள்ளே இழை அறுந்துவிட்டது. பள்ளத்தில் வேகமாக இறங்கினால் பஞ்சரே ஆகாமல்கூட இந்த வீக்கம் வரும். அது வலிக்காத கட்டி மாதிரி. வலிக்கவில்லை என்பதற்காக அப்படியே விட்டுவிடக் கூடாது.

ஸ்ட்ரிப்பா, மஷ்ரூமா?

ஒட்டலாம் என்று முடிவாகிவிட்டால் அடுத்த கேள்வி எப்படி ஒட்டுவது என்பது. நம் ஊரில் பஞ்சர் என்றாலே ஸ்ட்ரிப்தான். ரம்பப் பல் வைத்த ஊசியால் ஓட்டையைக் குடைந்து, பசை தோய்ந்த பிசுபிசுப்பான கயிற்றைச் சொருகி, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிடுவார்கள். டயரைக் கழற்ற வேண்டாம், நேரமும் ஆகாது. பைக்கில் இருந்து ஜீப் வரை எல்லாவற்றுக்கும் இதுதான்.

வேலை செய்கிறதா? செய்கிறது. ஸ்ட்ரிப் போட்டே டயர் தேயும்வரை ஓட்டியவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அதனால்தான் அதற்கு எதிராகப் பேசினால் யாரும் கேட்பதில்லை.

ஆனால், ஸ்ட்ரிப்பில் மூன்று குறைகள் உண்டு. குடையும்போது ஓட்டை பெரிதாகிறது. எஃகுப் பட்டை வரை தண்ணீர் இறங்க வழி கிடைத்தால் கம்பி துருப்பிடிக்கும். இவை இரண்டையும்விடப் பெரிய குறை, டயரைக் கழற்றாமலே வேலை முடிந்துவிடுவதால் யாருமே உள்ளே பார்ப்பதில்லை. வேப்பூர்க்காரர் மட்டும் வழக்கம்போல் ஐந்து நிமிடத்தில் ஸ்ட்ரிப்பைச் சொருகி அனுப்பியிருந்தால், அந்தக் கறுப்புத் தூள் டயருக்குள்ளேயே சுற்றிக்கொண்டு சமயபுரம் வரை போயிருக்கும்.

மஷ்ரூம் பேட்ச் அப்படி இல்லை. பெயருக்கு ஏற்ப காளான் வடிவம். டயரைக் கழற்றி, உட்புறத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பசை தடவி, காளானின் தண்டை உள்ளிருந்து வெளியே இழுப்பார்கள். தண்டு ஓட்டையை அடைக்கும், குடை உட்படலத்தோடு ஒட்டிக்கொள்ளும். அரை மணி நேர வேலை, மறுபடி வீல் பேலன்ஸிங்கும் பார்க்க வேண்டும். ஸ்ட்ரிப்பைவிட மூன்று நான்கு மடங்கு காசு ஆகும். பெரிய டயர் கடைகளில் செய்கிறார்கள், நெடுஞ்சாலை ஓரத்தில் எதிர்பார்க்க முடியாது. எனவே வழியில் பஞ்சரானால் ஸ்ட்ரிப் போட்டு நிதானமாக ஊர் வந்து சேருங்கள். வந்ததும் டயரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லி மஷ்ரூம் போட்டுக்கொள்ளுங்கள். முதலுதவி வேறு, சிகிச்சை வேறு.

'தேறாத டயர்தான், ஒரு டியூபைப் போட்டு ஓட்டுங்க சார்' என்ற ஆலோசனையும் அடிக்கடி வரும். டியூப் காற்றைப் பிடித்துக்கொள்ளும், சரி. அறுந்த இழையை டியூப் என்ன செய்யும்? கிழிந்த சாக்குக்குள் பிளாஸ்டிக் பை வைத்து நெல் கட்டினால், நெல் சிந்தாது. ஆனால் தூக்கும்போது சாக்கு கிழியும்.

கடைக்காரரை நம்பலாமா?

பஞ்சர் கடை என்றாலே ஒரு சந்தேகம் நம் எல்லோருக்கும் உண்டு. அதற்குக் காரணமும் இருக்கிறது. ஓர் ஆணியோடு போனால் 'நாலு பஞ்சர் சார்' என்று பில் போடும் கதையை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நாம் டீ குடிக்கப் போன இடைவெளியில் ஊசியால் குத்திப் புதிதாக ஓட்டை போடுகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

தப்பிக்கச் சுலபமான வழி, டீயைத் தள்ளிப்போடுவதுதான். டயர் பக்கத்திலேயே நில்லுங்கள். முதலில் காற்றை நிரப்பி, சோப்புத் தண்ணீர் ஊற்றி, எங்கெல்லாம் குமிழ் வருகிறது என்று காட்டச் சொல்லுங்கள். மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை ஓட்டை என்று முடிவான பிறகே ஊசி உள்ளே போக வேண்டும். வால்விலும் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விடச் சொல்லுங்கள். பஞ்சரே இல்லாமல் வால்வு மட்டும் கசியும் டயர்கள் ஏராளம். சின்னச் செலவில் முடிந்துவிடும்.

டயரில் ஆணியைப் பார்த்தவுடன் பிடுங்கவும் கூடாது. அது ஒரு வகையில் தக்கை மாதிரி காற்றை அடைத்துக்கொண்டிருக்கும். பிடுங்கினால், கடை வரை மெதுவாகப் போயிருக்க வேண்டிய வண்டி அங்கேயே உட்கார்ந்துவிடும்.

வேப்பூர் கடைக்காரர் விஷயத்துக்கு வருவோம். 'ஒட்ட மாட்டேன்' என்று சொன்னதால் அவருக்குக் கிடைக்கவிருந்த நூற்றைம்பது ரூபாய் போனது. புது டயர் விற்று லாபம் பார்க்கவும் அவரிடம் டயர் இல்லை. தனக்கு நஷ்டம் வரும்படி ஒருவர் ஆலோசனை சொன்னால், அதைக் கொஞ்சம் நம்பலாம்.

மனைவிதான் முதலில் பேசினார். "மூணு கிலோமீட்டராவது இருக்கும் அண்ணே. நான் அப்பவே சொன்னேன்."

கணவர் டயருக்குள் தானே கைவிட்டுப் பார்த்தார். விரல் கறுத்தது. சைடுவாலின் உட்புறத்தில் ஒரே சீராக, வட்டமாக, ஒரு கோடு தேய்ந்திருந்தது.

"ஸ்டெப்னி இருக்கில்ல, எடுங்க" என்றார் கடைக்காரர்.

ஸ்டெப்னிக்கும் வயசு உண்டு

டிக்கியில் மொட்டைக்கான பை, அர்ச்சனைத் தட்டு, புளியோதரைத் தூக்கு எல்லாவற்றையும் இறக்கி ஸ்டெப்னியை எடுத்தால், அதில் பாதிக் காற்றுகூட இல்லை. கார் வாங்கியதிலிருந்து யாரும் அதைத் தொட்டதே இல்லை. ட்ரெட்டில் இருக்கும் ரப்பர் முடிகள்கூட அப்படியே இருந்தன. பார்வைக்குப் புது டயர்.

கடைக்காரர் சைடுவாலில் 'DOT' என்ற எழுத்துகளில் தொடங்கும் வரிசையைத் தேடி, கடைசி நான்கு எண்களைக் காட்டினார்: 1717. அதாவது 2017-ம் ஆண்டின் 17-வது வாரத்தில் தயாரானது. எல்லா டயரிலும் இந்த எண் இருக்கிறது. முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். புது டயர் வாங்கும்போதும் இதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கடையில் இரண்டு வருடம் தூங்கிய டயரைப் புதுசு விலைக்கு வாங்குவானேன்?

ஓடாமல் இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். வெயிலும் சூடும் அதைக் காயவைக்கும், வெடிப்பு விடவைக்கும். ஐந்து வருடம் தாண்டினால் வருடம் ஒருமுறை பரிசோதிக்க வேண்டும். பத்து வருடமானால் எவ்வளவு ட்ரெட் இருந்தாலும் மாற்றிவிட வேண்டும் என்று டயர் கம்பெனிகளே சொல்கின்றன. சித்திரை வெயிலில் வாசலிலேயே நிற்கும் கார்களுக்கு அதையும் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது.

இன்றைய கார்கள் சிலவற்றில் ஸ்டெப்னியே வருவதில்லை. ஒன்பது சீட்டுக்கு உட்பட்ட வண்டியில் டியூப்லெஸ் டயர், பஞ்சர் கிட், காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவி மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-ல் மத்திய அரசு விதியை மாற்றியது. வேறு சில கார்களில் ஒல்லியான, சின்ன ஸ்டெப்னி வருகிறது. அதில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று அதிலேயே ஸ்டிக்கர் இருக்கும். உங்கள் காரில் எது இருக்கிறது என்று வீட்டு வாசலில் நிற்கும்போதே டிக்கியைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் நெடுஞ்சாலையில் அதைக் கண்டுபிடிக்க வேண்டாம்.

நெடுஞ்சாலை என்றதும் இன்னொன்று. வலது பக்க டயர் பஞ்சராகி, ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்து மாற்றுவது உயிரோடு விளையாட்டு. எச்சரிக்கை விளக்கைப் போட்டு, மெதுவாக ஓரம் கட்டி, எவ்வளவு தள்ளி நிறுத்த முடியுமோ அவ்வளவு தள்ளி நிறுத்துங்கள். குழந்தைகளையும் பெரியவர்களையும் காரில் உட்காரவைக்காமல், ரோட்டோரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கவையுங்கள். முக்கோண எச்சரிக்கைப் பலகையை நன்றாகப் பின்னால் தள்ளி வையுங்கள். பாதுகாப்பான இடமே இல்லையென்றால் தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐ அழையுங்கள். அப்படிப்பட்ட இடத்தில், டயர் போனாலும் பரவாயில்லை என்று இருநூறு மீட்டர் உருட்டிப் பாதுகாப்பான இடத்துக்குப் போவதில் தவறே இல்லை. டயர் வாங்கிக்கொள்ளலாம். போனபிறகு, கடையில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான்.

ஒன்றா, இரண்டா?

ஸ்டெப்னியில் காற்று நிரப்பி, சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, மாட்டிக் கொடுத்ததற்குக் கடைக்காரர் நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். "எண்பதுக்கு மேல போகாதீங்க. திருச்சியில முதல் வேலையா டயரைப் பாருங்க." மாட்டிய நட்டுகளை ஐம்பது கிலோமீட்டர் போனதும் ஒருமுறை இறுக்கச் சொன்னார். பெரம்பலூர் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தி அதையும் செய்தார்கள். மொட்டை பன்னிரண்டரைக்கு நடந்தது. தாய்மாமன் கொஞ்சம் முறைத்தார்.

மாலையில் திருச்சி டயர் கடையில்தான் அடுத்த கணக்கு. ஒரு டயர் போதுமா, இரண்டு மாற்ற வேண்டுமா, நான்குமா?

இது பழைய டயர்கள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது. ட்ரெட் பள்ளத்துக்குள் ஆங்காங்கே சின்ன மேடுகள் இருக்கும். ட்ரெட் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று அர்த்தம். கார்களுக்குச் சட்டப்படியான கடைசி எல்லையும் அதுதான். மழைக்காலத்தில் அதுவரை காத்திருக்காமல் முன்பே மாற்றுவது புத்திசாலித்தனம்.

டயர் ஓடியது பத்தாயிரம் கிலோமீட்டருக்குள் என்றால் அதே கம்பெனி, அதே மாடல், அதே அளவில் ஒன்றை மட்டும் வாங்கினால் போதும். பாதி தேய்ந்திருந்தால், ஒரே அச்சில் ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்று போடக் கூடாது. பிரேக் பிடிக்கும்போது இரண்டும் இரண்டு விதமாகப் பிடிக்கும். அப்போது ஜோடியாக வாங்க வேண்டும். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டியில் இன்னும் கண்டிப்பு. அதற்குக் கம்பெனி மேனுவலைப் பார்ப்பதே நல்லது.

அந்த கார் 38,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. இரண்டு டயர் வாங்கினார்கள். "முன்னாடி போட்டுடுங்க, அதுதானே இழுக்கிற சக்கரம்?" என்றார் கணவர். கடைப் பையன், "இல்ல சார், புதுசு பின்னாடிதான்" என்றான்.

பலருக்கும் ஆச்சரியமான விஷயம் இது. ஆனால், பையன் சொன்னதுதான் சரி. ஈரச் சாலையில் முன் சக்கரம் பிடி தளர்ந்தால் வண்டி நேராகப் போகப் பார்க்கும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் கட்டுக்குள் வந்துவிடும். பின் சக்கரம் பிடி தளர்ந்தால் வண்டி பம்பரமாகச் சுற்றிவிடும். அதைச் சமாளிக்கும் திறமை சாதாரண ஓட்டுநர்களுக்குக் கிடையாது. அதனால், முன் சக்கர இழுவை வண்டியாக இருந்தாலும் நல்ல டயர் பின்னால்தான்.

"இன்ஷூரன்ஸ்ல வராதா?" என்று கேட்டார் மனைவி. வராது. வழக்கமான கார் பாலிசியில் டயர் மட்டும் சேதமானால் இழப்பீடு கிடையாது. விபத்தில் காரும் சேர்ந்து சேதமானால்தான் டயருக்கும் கிடைக்கும். அதுவும் புது டயர் விலையில் பாதி வரைதான். டயருக்கென்றே தனியாக 'டயர் புரொடெக்ட்' கவர் விற்கிறார்கள். அதிலும் சாதாரண பஞ்சர் ஒட்டும் செலவு பொதுவாகச் சேராது. பிரீமியம் கட்டும் முன் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுவது நல்லது.

கழற்றிய டயர்களில் நன்றாக இருந்த ஒன்று ஸ்டெப்னி ஆனது. 2017-ம் வருடத்து டயரும் வேப்பூர் டயரும் ஓரமாகக் கிடந்தன. "பழசை எக்ஸ்சேஞ்ச்ல எடுத்துக்கிறோம் சார், கழிச்சுக்கலாம்" என்றான் பையன். நல்ல விலைதான் சொன்னான். வேப்பூர் டயருக்குத்தான் கூடுதல். ட்ரெட் இன்னும் மிச்சம் இருந்தது, வெளியே ஒரு கீறல்கூட இல்லை. ஓர் ஓட்டையை அடைத்து, பாலிஷ் போட்டு, செகண்ட்ஹேண்ட் டயர் வரிசையில் நிறுத்தினால் யாராவது வாங்கிப் போவார்கள். அவர்கள் காரிலும் பின் சீட்டில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

மனைவி அந்த டயரைக் காட்டி, "இதை மட்டும் வெட்டிடுங்க தம்பி" என்றார்.

"வெட்டினா காசு கழிக்க முடியாதுக்கா."

"பரவாயில்ல, வெட்டுங்க."

பையன் கணவரைப் பார்த்தான். அவர் தலையசைத்தார். உள்ளே போய்க் கத்தியை எடுத்து வந்து, சைடுவாலில் ஒரு முழ நீளத்துக்குக் கிழித்துப் போட்டான்.